பாடம் கேட்கிறவர்களுக்கு ஒரு மடல்

தமிழ் லுத்தரன் சபைகளில் திடப்படுத்தல் வகுப்பு நடத்தும் ஆயர்களுக்கும், உபதேசியார்களுக்கும், ஐயரம்மாக்களுக்கும், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் எழுதுவது.

நானும் உங்களில் ஒருத்தி. ஞானோபதேசப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் பாடம் கேட்டே வயதாகிப்போனவள். சொல்ல வேண்டியதைச் சபைக் கூட்டத்தில் எழுந்து சொல்லியிருக்கலாமே என்பீர்கள். சொன்னேன். "அடுத்த கூட்டத்தில் பார்ப்போம் அம்மா" என்றார்கள். அடுத்த கூட்டத்தில் கோயிலுக்கு எந்த நிறத்தில் வர்ணம் அடிப்பது என்ற பேச்சே இருட்டும்வரை நீண்டது. அதனால்தான் உங்கள் எல்லாருக்கும் சேர்த்து இந்த மடல்.

இந்த வருடமும் திடப்படுத்தலுக்கு முந்தின சனிக்கிழமை பிள்ளைகளை வரிசையாக நிறுத்திக் கேட்கப் போகிறீர்கள். பத்துக் கற்பனைகள், விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், ஞானஸ்நானம், பாவ அறிக்கை, நற்கருணை. தப்பாமல் சொன்னவர் மறுநாள் வெள்ளுடுப்பில் பீடத்தண்டை முழங்காற்படியிடுவார். தடுமாறினவருக்கு, அவர் அப்பா சபையில் யார் என்பதைப் பொறுத்து, இன்னொரு வாய்ப்புக் கிடைக்கும் அல்லது கிடைக்காது. இதை நான் மிகைப்படுத்துகிறேனா என்பதை உங்கள் மனசாட்சியிடமே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தச் சனிக்கிழமை நீங்கள் எதை அளக்கிறீர்கள்?

ஏழாம் கற்பனையின் விளக்கத்தை மூச்சுவிடாமல் சொல்லி முடிக்கிற ஒரு பையனை நிறுத்தி, "மட்டமான சரக்கை விற்கிறதைப் பற்றி இதில் எங்கே வருகிறது?" என்று கேட்டுப் பாருங்கள். மேலே பார்ப்பான், உதடு அசையும், முதல் வார்த்தையிலிருந்து மறுபடி ஆரம்பிப்பான். நடுவில் நுழைய அவனுக்கு வழி தெரியாது. நாம் அவனுக்கு ஒரே ஒரு வாசலைத்தான் காட்டியிருக்கிறோம், அதுவும் ஓட்டமாய்ப் போவதற்கு. (சி.எஸ்.ஐ. சபைக்குப் போகிற அவன் கூட்டாளிக்குக் களவு எட்டாம் கற்பனை. இவனுக்கு ஏன் ஏழு என்று கேட்டால் அதற்கும் மேலேதான் பார்ப்பான். அதைச் சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம் போதும். எத்தனை பேர் சொல்லிக்கொடுத்திருக்கிறோம்?)

இன்னொன்றும் உங்கள் கண்முன்னே நடக்கிறது. வகுப்பில் பாதிப் பிள்ளைகள் ஆங்கிலவழிப் பள்ளியில் படிக்கிறவர்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டி வாசிக்கத் திணறுவார்கள். நம் புத்தகத்தின் தமிழோ அவர்களுடைய பாட்டிக்கே பழசு. எனவே பிள்ளைகள் பதில்களை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துக்கொண்டு, அந்த ஒலிகளை நெட்டுருப் போடுகிறார்கள். அப்படி ஒரு நோட்டை நீங்களும் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். அந்தப் பிள்ளை சனிக்கிழமை தடுமாறினால் அவளுக்கு விசுவாசம் போதாது என்று ஆகுமா, தமிழ் வாசிப்புப் போதாது என்று ஆகுமா? தடுமாறாமல் சொல்லிவிட்டால் மட்டும் என்ன தெரிந்துவிடும்?

வாசிப்பையும் விசுவாசத்தையும் ஒரே தராசில் போட்டது நாம் மட்டுமல்ல. டென்மார்க், நார்வே நாடுகளில் 1736ஆம் ஆண்டு அரசாணை ஒன்று திடப்படுத்தலை எல்லாருக்கும் கட்டாயமாக்கியது. திடப்படுத்தப்படாதவர் அங்கே கலியாணம் செய்துகொள்ள முடியாது. கோயிலில் சபையார் முன்னே நிற்கவைத்துக் கேட்பார்கள். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் 1686ஆம் ஆண்டுச் சபைச் சட்டத்தின் வழியில் போதகர் ஊர் ஊராய்ப் போய், வீட்டாரைக் கூட்டி, யார் எவ்வளவு வாசிக்கிறார், ஞானோபதேசம் எவ்வளவு தெரியும் என்று ஏட்டில் குறித்தார். அதனால் அந்த நாடுகளில் ஏழைகளுக்கும் எழுத்து வந்தது. அதை நான் மறுக்கவில்லை. பயமும் கூடவே வந்தது. பின்லாந்தின் முதல் பெரும் நாவலான அலெக்சிஸ் கிவியின் 'ஏழு சகோதரர்கள்', கோயில் ஊழியர் வீட்டில் எழுத்துப் படிக்கவைத்த கொடுமைக்குத் தப்பி ஜன்னலேறிக் காட்டுக்கு ஓடுகிற அண்ணன் தம்பிகளின் கதை. 1870இல் வந்த புத்தகம். நம் தரங்கம்பாடி 1845 வரை அதே டேனிஷ் கொடியின் கீழே இருந்த ஊர் என்பதை மறந்துவிடாதீர்கள். அந்தக் கேள்வி வரிசை எந்தக் கப்பலில் வந்தது என்று நாம் தேடி அலைய வேண்டியதில்லை.

ஆனால் லுத்தர் எதற்காகச் சிறிய ஞானோபதேசத்தை எழுதினார் என்பதை அதன் முன்னுரையில் ஒருமுறை திரும்பப் படியுங்கள். 1528இல் அவர் சாக்சோனியில் சபை சபையாகப் போய் விசாரித்தார். கிராமத்து மக்களுக்குக் கர்த்தருடைய ஜெபம்கூடத் தெரியவில்லை. போதகர்களில் பலருக்குக் கற்பிக்கத் தகுதியே இல்லை. அடுத்த வருடமே புத்தகம் வந்துவிட்டது. முன்னுரையில் அவர் யாரைத் திட்டுகிறார்? ஒப்புவிக்கத் தெரியாத பிள்ளைகளையா? பேராயர்களைத் திட்டுகிறார். மந்தையை இப்படி விட்டுவிட்டுக் கிறிஸ்துவுக்கு என்ன கணக்குச் சொல்லப்போகிறீர்கள் என்கிற தொனியில் திட்டுகிறார். ஆக, நம் மரபின் முதல் பரீட்சையில் மதிப்பெண் விழுந்தது கற்றுக்கொடுக்க வேண்டியவர்களுக்கு. அந்தப் பரீட்சையின் பிள்ளைதான் நீங்கள் கையில் வைத்திருக்கிற புத்தகம். அதை வைத்துக்கொண்டு நாம் பதினான்கு வயதுப் பிள்ளைகளை மட்டும் சோதித்துவிட்டு எழுந்துபோனால், ஆரம்பித்தவருடைய எண்ணத்துக்கு அது நேர்மாறு.

மனப்பாடத்தை நான் இகழ்கிறேன் என்று எண்ண வேண்டாம். அதே முன்னுரையில் அவர், முதலில் ஒரே வாசகத்தை மாற்றாமல் எழுத்துப் பிசகாமல் கற்பியுங்கள், மாற்றி மாற்றிச் சொன்னால் இளையவர்கள் குழம்புவார்கள் என்றுதான் சொல்கிறார். படுக்கையில் கிடக்கிற முதியவர்களிடம் நீங்களும் போயிருக்கிறீர்கள். மகன் பெயர் மறந்துபோனவர், ஆயர் "பரமண்டலங்களில்" என்று தொடங்கியதும் கூடவே சொல்லி முடிக்கிறார். சின்ன வயதில் யாரோ ஓர் உபதேசியார் விடாமல் கேட்டதால்தான் அது நடக்கிறது. அதை விட்டுவிடச் சொல்ல எனக்குப் பைத்தியமா?

ஆனால் லுத்தர் அதோடு நிறுத்தவில்லையே. வாசகம் வந்தபின் அர்த்தத்தைக் கற்பியுங்கள், அவசரப்படாமல் ஒவ்வொன்றாக எடுங்கள் என்றார். அதற்கும் பிறகு, உங்கள் சபையாருக்கு எது அதிகம் தேவையோ அந்தக் கற்பனையை அழுத்திச் சொல்லுங்கள் என்றார்: கைத்தொழில்காரருக்கும் வியாபாரிகளுக்கும் ஏழாவதை, பிள்ளைகளுக்கும் பொதுமக்களுக்கும் நாலாவதை. மூன்று படி. நாம் முதல் படியிலேயே பாயை விரித்து உட்கார்ந்துவிட்டோம். ஏன் என்றும் எனக்குத் தெரியும். முதல் படியைக் கேட்பது சுலபம். புத்தகத்தைப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டே போகலாம். கேட்கிறவர் யோசிக்க வேண்டியதில்லை.

வாசகம் மட்டும் இருந்து அர்த்தம் வராமல் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுக் கதையே இருக்கிறது. சொல்லக் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன். தரங்கம்பாடியிலும் தஞ்சாவூரிலும் நம் முன்னோர் ஞானோபதேசத்தை நன்றாகவே கற்றார்கள். ஐந்தாம் கற்பனைக்குக் கொலை செய்யாதிருப்பது மட்டும் போதாது, அயலானுடைய சரீரத்துக்கு வருகிற எல்லா ஆபத்திலும் உதவ வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். கோயிலுக்குள் வந்ததும் சாதிக்கொரு பக்கமாய் உட்கார்ந்தார்கள். நற்கருணைப் பாத்திரத்தைக்கூட யார் முதலில் வாங்குவது என்று முறை வைத்தார்கள். 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆங்கிலிக்கன் சபைகளில் இந்த வேற்றுமை இனி கூடாது என்று எழுதினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் பெரிய எதிர்ப்புக் கிளம்பியது. அப்படிக் கோபித்துக்கொண்டு வெளியே வந்தவர்களில் பலர் பிற்பாடு எங்கே சேர்ந்தார்கள் தெரியுமா? நம்மிடம். லைப்சிக் மிஷனின் லுத்தரன் சபைகளில். அவர்களில் ஒருவராவது சனிக்கிழமைக் கேள்வி வரிசையில் தோற்றிருப்பாரா? எல்லாரும் தேறியிருப்பார்கள்.

இன்றைக்கும் ஒன்பதாம் கற்பனையை எடுத்துக்கொள்ளுங்கள். சட்டப்படி சரி என்று காட்டிக்கொண்டு அயலான் வீட்டையும் சுதந்தரத்தையும் தந்திரமாய் அடையக் கூடாது என்பது அதன் விளக்கத்தின் சாரம். சபைச் சொத்துக்காகவும் பதவிக்காகவும் வழக்குக் கட்டுகளோடு நீதிமன்றப் படி ஏறி இறங்குகிறவர்கள் நம் நடுவில் இல்லையா? அவர்களும் ஒரு காலத்தில் வெள்ளுடுப்பில் நின்று அந்த விளக்கத்தைப் பிசகாமல் சொல்லி, சான்றிதழ் வாங்கி, படம் எடுத்துக்கொண்டவர்கள்தானே.

எனக்குத் தெரிந்த ஒரு பையனைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். சபையின் பெயர் வேண்டாம். சாயங்காலம் அப்பாவின் தள்ளுவண்டியில் நின்றுவிட்டு, இரவு பத்து மணிக்குமேல் புத்தகத்தைத் திறக்கிறவன். விசுவாசப் பிரமாணத்தின் மூன்றாம் பகுதி விளக்கம் அவனுக்கு வரவே இல்லை. மூன்று தடவை கேட்டார்கள். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். "அடுத்த வருஷம் வா" என்று அனுப்பிவிட்டார்கள். அந்த விளக்கம் என்ன சொல்கிறது? என் சொந்தப் புத்தியாலும் பலத்தாலும் நான் கிறிஸ்துவிடம் வர முடியாது, பரிசுத்த ஆவியானவரே என்னை அழைத்தார் என்கிறது. அதைச் சொந்தப் பலத்தால் ஒப்புவிக்க முடியாததால் அவன் வெளியே போனான். அடுத்த வருடம் அவன் வரவில்லை. அவன் அம்மாவும் இப்போது வருவதில்லை.

கற்க மறுக்கிறவரை நற்கருணைப் பந்திக்குச் சேர்க்க வேண்டாம் என்று லுத்தரே சொல்லியிருக்கிறாரே என்று உங்களில் சிலர் எடுத்துக்காட்டுவீர்கள். சொல்லியிருக்கிறார். மறுக்கிறவரைப் பற்றித்தான் சொல்லியிருக்கிறார். முடியாதவரைப் பற்றி அல்ல. ஒருவரையும் விசுவாசத்துக்குள் பலவந்தமாய்த் தள்ளக் கூடாது என்றும் அங்கேயே எழுதியிருக்கிறார். அமெரிக்காவில் மூன்று லுத்தரன் சபைகளின் கூட்டுக் குழு 1970இல் ஒரு படி மேலே போய், முதல் நற்கருணையைத் திடப்படுத்தலிலிருந்து பிரித்து முன்னதாகவே கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. பந்தி பரீட்சைக்குப் பரிசாக இல்லாதபோது பரீட்சையின் பயமும் இறங்கிவிடுகிறது. நம் சினாடு அதையெல்லாம் எப்போது பேசுமோ. அதுவரை காத்திருக்கச் சொல்லி நான் எழுதவில்லை. உங்கள் வகுப்பறைக்குள் நீங்களே மாற்றக்கூடியதை மட்டும் கேட்கிறேன்.

அப்போஸ்தலர் எட்டாம் அதிகாரத்தில் பிலிப்பு ரதத்தோடு கூட ஓடிப்போய் அந்த எத்தியோப்பிய மந்திரியிடம் என்ன கேட்டான்? வாசிக்கிறது விளங்குகிறதா என்று கேட்டான். "சொல்லித் தருகிறவர் இல்லாமல் எப்படி?" என்ற கருத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. பிலிப்பு அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ளவில்லை. ரதத்தில் ஏறி உட்கார்ந்தான். தண்ணீர் வந்ததும் ஞானஸ்நானம். தெரியாது என்கிற பதில் வந்தால் அது நம்மை ஏறி உட்காரச் சொல்கிற அழைப்பு என்று அந்த அதிகாரம் எனக்குக் கற்பிக்கிறது.

நம் சீகன்பால்குவையும் பாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் கரையிறங்கி, சில வருடங்களுக்குள் லுத்தருடைய ஞானோபதேசத்தைத் தமிழில் தந்தவர். கேள்வியும் பதிலுமாய்ப் பாடம் சொன்னவர். அதே மனிதர் 1712 முதல் சக மிஷனரி கிருண்ட்லரோடு சேர்ந்து வேறொரு விதமாகவும் கேள்வி கேட்டார். ஊர்த் தமிழருக்குக் கடிதம் எழுதி, உங்கள் மார்க்கம் என்ன, வழக்கம் என்ன, எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்று விசாரித்தார். வந்த பதில்களில் கிறிஸ்தவர்களின் குடியையும் நடத்தையையும் கண்டித்த பதில்களும் உண்டு. அவற்றையும் மறைக்காமல் ஜெர்மனில் பெயர்த்து ஹாலேக்கு அனுப்பினார். பதில் தெரிந்த கேள்வியும் தெரியாத கேள்வியும் அவர் கையில் சேர்ந்தே இருந்தன. நாம் முதலாவதை மட்டும் வைத்துக்கொண்டோம்.

எனவே நான் கேட்பது இது. ஒப்புவித்தலைச் சனிக்கிழமைக்கு வைத்திருக்காமல் வருடம் முழுக்கப் பரப்பிவிடுங்கள். வாராவாரம் ஒரு சிறு பகுதி, உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் சிரிக்க இடமில்லாமல். வராத பகுதியைக் கீர்த்தனை மெட்டில் பாடவிடுங்கள். பாடினால் வந்துவிடும், தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அத்தனை பாடல் செய்துவைத்தது சும்மா அல்ல. தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு வாய்மொழியாகவே சொல்லிக்கொடுங்கள். கடைசிச் சனிக்கிழமையை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றைக்குப் பிள்ளைகளிடம் அவர்கள் வாழ்க்கையிலிருந்து கேளுங்கள். வகுப்புத் தோழி ஒருத்தியின் படத்தை யாரோ அசிங்கமாக மாற்றி வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்கள். நீ யாருக்கும் அனுப்பவில்லை, பார்த்துச் சிரித்ததோடு சரி. எட்டாம் கற்பனை உன்னிடம் ஏதாவது கேட்கிறதா? நீட் பயிற்சி ஞாயிறு காலைதான். அப்பா கடன் வாங்கிக் கட்டணம் கட்டியிருக்கிறார். மூன்றாவதையும் நாலாவதையும் வைத்துக்கொண்டு என்ன செய்வாய்? சித்தப்பாவின் பங்குக்கும் சேர்த்து உன் அப்பா பட்டா வாங்கிவிட்டார், வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ஒன்பதாம் கற்பனையை யாரிடம் சொல்வாய், எப்படிச் சொல்வாய்? இந்தக் கடைசிக் கேள்விக்கு எனக்கே நல்ல பதில் கிடையாது. அதனால்தான் கேட்கச் சொல்கிறேன்.

இதற்கு எப்படி மதிப்பெண் போடுவது என்கிறீர்கள். போடாதீர்கள். கேளுங்கள், அவ்வளவுதான். கற்ற வாசகம் அந்தப் பிள்ளையின் பேச்சுக்குள் எங்காவது தானாக வந்து விழுகிறதா, எதிரே நிற்கிற அயலான் அவள் கண்ணில் படுகிறானா, தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லத் துணிகிறாளா என்று கவனித்தால் நீங்கள் ஒரு வருடம் என்ன கற்றுக்கொடுத்தீர்கள் என்பது அரைமணி நேரத்தில் வெளிப்பட்டுவிடும். நேரம் போதாது என்று சொல்லாதீர்கள். திடப்படுத்தல் ஒத்திகைக்கு, எந்த வரிசையில் நடந்து வருவது, மெழுகுவர்த்தியை எந்தக் கையில் பிடிப்பது என்று இரண்டு சாயங்காலம் செலவழிக்கிறோம்.

யாரையும் நிறுத்திவைக்காதீர்கள் என்றும் கெஞ்சிக் கேட்கிறேன். வகுப்புக்கு வந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கு வாசகம் வரவில்லை என்றால் அது நம் பாக்கி. அதைத் திடப்படுத்தலுக்குப் பின்னும் தீர்க்கலாம். பின்னும் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது: திடப்படுத்தல் முடிந்து ஒரு வருடம் கழித்து அந்தப் பிள்ளைகளைத் திரும்பக் கூப்பிட்டு ஒரு வாய்க் காப்பி கொடுத்து, என்ன நினைவிருக்கிறது, எது உதவியது, எது பொய்யாகத் தோன்றியது என்று நாம் எப்போதாவது விசாரித்திருக்கிறோமா? உண்மையான பரீட்சை அங்கேதான் நடக்கிறது, அதை நடத்த ஆள் இல்லை. இந்த வருடம் நீங்கள் நடத்துங்கள். பாதிப் பேர் வரமாட்டார்கள். வராதவர் எண்ணிக்கையும் ஒரு பதில்தான். அதைச் சபைச் சங்கத்தில் வாசியுங்கள்.

முடிவாக ஒரு சிறு காரியம். அடுத்த வகுப்பு தொடங்கும் முதல் ஞாயிறன்று பிள்ளைகளிடம் ஆளுக்கொரு சீட்டுக் கொடுங்கள். கடவுளைப் பற்றியோ, சபையைப் பற்றியோ, உங்களைப் பற்றியோ, கேட்கப் பயப்படுகிற ஒரு கேள்வியை அதில் எழுதித்தரச் சொல்லுங்கள். பெயர் வேண்டாம், தமிழோ ஆங்கிலமோ எதில் எழுதினாலும் சரி. சீட்டுகளை ஓர் உறையில் போட்டுப் பத்திரப்படுத்துங்கள். வருடக் கடைசியில் அந்தச் சனிக்கிழமை, பிள்ளைகள் முன்னாலேயே உறையைப் பிரித்து ஒவ்வொன்றாக வாசித்து, இதற்கு நாங்கள் பதில் சொன்னோமா என்று அவர்களிடம் கேளுங்கள். ஆம், இல்லை என்று அவர்கள் சொல்லட்டும். நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிறிஸ்துவுக்குள் உங்கள் சகோதரி